கடைசித் தொட்டி

ஆடி மாதம் காவிரியில் இறங்கும் புதுத் தண்ணீர் தெளிவாக வருவதில்லை. வழியெல்லாம் கரையை வழித்துக்கொண்டு, செம்மண் கரைத்த நிறத்தில் வரும். குழாய் வராத காலத்தில் திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் மொண்டு வந்தார்கள். வந்ததும் அப்படியே யாரும் குடிக்கமாட்டார்கள். மண்பானையின் உட்புறத்தில் ஒரு தேற்றாங்கொட்டையை நாலு சுற்று தேய்ப்பார்கள். தண்ணீரை ஊற்றி மூடிவைப்பார்கள். விடிந்து பார்த்தால் சேறு அடியில் உட்கார்ந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அடி கலங்காமல் மேல்தெளிவை மட்டும் இறுத்துக்கொள்வார்கள். கலித்தொகையிலேயே இந்தக் கொட்டை உவமையாக வந்துவிட்டது. அவ்வளவு பழைய அறிவு இது.

அந்தப் பானைக்குள் மூன்று வேலை நடக்கிறது. தனித்தனியாக மிதக்கும் துகள்களை ஒன்றுசேர்ப்பது முதல் வேலை. அவை இறங்கும்வரை தண்ணீரை அலைக்கழிக்காமல் வைப்பது இரண்டாவது. இறங்கியதைக் கிளப்பாமல் தெளிவை மட்டும் எடுப்பது மூன்றாவது. ஒரு வீட்டுக்கு ஒரு பானை போதும். ஒரு நகரம் தன் கழிவுநீருக்கு இதே மூன்றையும் இரவு பகல் நிற்காமல் செய்யவேண்டும் என்றால் என்ன கட்டவேண்டும்? இந்த அத்தியாயம் அந்தக் கட்டுமானத்தைப் பற்றியது. பொறியாளர்கள் அதை இரண்டாம்நிலைப் படிவுத் தொட்டி என்பார்கள். நிலையத்தில் வேலை செய்பவர்கள் 'கிளாரிஃபையர்' என்பார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பின் வெற்றியும் தோல்வியும் முடிவாவது இந்தத் தொட்டியில்தான்.

வண்டல்மேல் ஓர் ஊர்

திருவானைக்காவலே படிவால் பிறந்த ஊர். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிந்து, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் ஓடுகிறது. நடுவில் ஆறு இறக்கிவைத்த மணலும் வண்டலும்தான் இந்தத் தீவு. வேகமாக ஓடும் நீர் மண்ணைச் சுமக்கும். வேகம் குறைந்ததும் இறக்கிவைக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை விவசாயிகளுக்கு வந்த துன்பத்துக்குக் காரணமும் இதுவே. சரிவும் பள்ளமும் அதிகமான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரியில் வேகம் குறைந்து மணல் மேடிட்டது. 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கியது அதைச் சரிசெய்யத்தான்.

இங்கே ஜம்புகேசுவரர் கோயில் ஐம்பூதத் தலங்களில் நீருக்கு உரியது. கருவறையில் லிங்கத்தைச் சுற்றி ஊற்றுநீர் கசிகிறது. ஆற்று நீர் மணலுக்குள் இறங்கித் தெளிந்து வரும் ஊர் இது. நீரையே தெய்வமாகக் கும்பிடும் இடத்தில் நின்று, நாம் அழுக்காக்கிய நீரை எப்படித் திருப்பித் தருகிறோம் என்று கேட்பது பொருத்தமான கேள்வி.

திருச்சி மாநகரின் கழிவுநீருக்குப் பல ஆண்டுகளாக முகவரி பஞ்சப்பூர். அங்கே நாளொன்றுக்கு 5.8 கோடி லிட்டர் கொள்ளும் நிலைப்படுத்தும் குட்டைகள் அமைந்தன. பரந்த நிலத்தில் கழிவுநீரைப் பல நாள் தேக்கிவைத்தால் வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் மெதுவாக வேலை செய்யும், கசடு தானே இறங்கும். இந்த முறைக்கு இயந்திரம் அதிகம் வேண்டாம், நிலம் நிறைய வேண்டும். நகரம் வளர்ந்தது, நிலம் வளரவில்லை. அதனால் பஞ்சப்பூரிலேயே 10 கோடி லிட்டருக்கும், கீழகல்கண்டார்கோட்டையில் 3.7 கோடி லிட்டருக்கும் புதிய நிலையங்கள் திட்டமிடப்பட்டன. குட்டையில் பல நாள் நடக்கும் வேலையைச் சில மணி நேரத்துக்குள் முடிக்க நினைத்தால், நுண்ணுயிர்களை நெருக்கமாக வளர்க்கவேண்டும். வளர்த்தவற்றைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கவும் தெரியவேண்டும்.

மான்செஸ்டரில் ஒரு புட்டி

பிடித்துவைக்கும் வித்தை 1914இல் வெளியுலகுக்கு வந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில், டேவிஹியூம் கழிவுநீர் நிலைய ஆய்வகத்தில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரைப் புட்டியில் நிரப்பிக் காற்றை ஊதினார்கள். முதல் தடவை அழுக்கு முழுவதும் ஆக்சிஜனேற்றம் அடைய ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது. அதற்குமுன் இதைச் செய்தவர்கள் இந்த இடத்தில் புட்டியைக் கழுவிவிட்டு அடுத்த சோதனைக்குப் போயிருப்பார்கள். இவர்கள் கழுவவில்லை. காற்றை நிறுத்தினார்கள். அடியில் கசடு இறங்கியதும் மேல்தெளிவை மட்டும் இறுத்துவிட்டு, அதே கசட்டின்மேல் புதிய கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்யச் செய்ய, ஐந்து வாரம் எடுத்த வேலை 24 மணி நேரத்துக்குள் முடியத் தொடங்கியது.

அந்தக் கசடு முழுக்க நுண்ணுயிர்களின் குடியிருப்பு. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் 'உயிர்ப்பூட்டிய கசடு' எனலாம். 1914 ஏப்ரல் 3ஆம் தேதி இந்த ஆய்வு மான்செஸ்டரில் வாசிக்கப்பட்டது. இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஓடுவது இந்த முறையும் இதன் வாரிசுகளும்தான். கோயம்பேடு, கொடுங்கையூர், நெசப்பாக்கம், பெருங்குடி என்று சென்னையின் பெரிய நிலையங்கள் இந்த வழியில் கட்டப்பட்டவை.

இந்தக் கதைக்கு நம் பக்கம் ஒரு கிளையும் உண்டு. ஆர்டெர்னையும் லாக்கெட்டையும் இந்தத் திசையில் அனுப்பிய கில்பர்ட் ஃபவுலர், 1916இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து, இந்தியாவில் இந்த ஆராய்ச்சியை வளர்த்தார்.

காற்று ஊதுவது பலருக்கும் முன்பே தெரியும். கசட்டை இறங்கவிட்டுக் காப்பாற்றியதே இவர்கள் கண்ட புதுமை. ஆகவே படிவுத் தொட்டியை ஏதோ கடைசியில் ஒட்டவைத்த உறுப்பு என்று எண்ணக்கூடாது. இந்த முறை பிறந்ததே அதற்குள்தான்.

கூட்டமாய் இறங்கும் உயிர்கள்

தனியாக மிதக்கும் ஒரு பாக்டீரியா தானாக இறங்குமா? 1851இல் ஸ்டோக்ஸ் தந்த விதிப்படி கணக்குப் பார்த்தால், ஒரு மைக்ரான் விட்டமுள்ள, தண்ணீரைவிடச் சற்றே கனமான உயிரணு ஒரு நாளில் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். 4 மீட்டர் ஆழத் தொட்டியின் அடியைத் தொட அதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். எந்தத் தொட்டியும் அவ்வளவு காலம் காத்திருக்காது.

அதே விதியில் வழியும் இருக்கிறது. இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். விட்டம் பத்து மடங்கானால் வேகம் நூறு மடங்காகும். நல்ல சூழலில் வளரும் பாக்டீரியாக்கள் பசைபோன்ற பொருளைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுத் திரள்களாகச் சேர்கின்றன. ஒரு திரளில் லட்சக்கணக்கான உயிர்கள் இருக்கும். கண்ணுக்கே தெரியும் அந்தத் திரள்கள் மணிக்கு மீட்டர் கணக்கில் இறங்கும். தேற்றாங்கொட்டை பானையில் செய்ததை இங்கே உயிர்கள் தாங்களே செய்துகொள்கின்றன.

திருச்சி வட்டாரத்தில் ஒரு நிலையத்தில் நான் இதை அருகில் நின்று பார்த்தேன். காலை ஏழு மணி. அங்கே பணியில் இருந்தவர், படிவுத் தொட்டிக்கு முன்னால் நுண்ணுயிர்களை வளர்க்கும் காற்றூட்டும் தொட்டியிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் நுரைத்த தண்ணீரை மொண்டு, ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் நிரப்பி மேசையில் வைத்தார். முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரள்கள் ஒன்றையொன்று தேடிப் பிடிப்பதுபோல் கூடின. மேல்விளிம்புக்குக் கீழே, கத்தியால் வெட்டியதுபோல் ஒரு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கீழே பழுப்பு, மேலே தெளிவு. கோடு கண் முன்னே இறங்கியது.

"மேல தண்ணி தெளிஞ்சிருச்சான்னு மட்டும் பாக்காதீங்க சார். கோடு எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பாருங்க. அதுதான் சேதி சொல்லும்" என்றார்.

5 நிமிடத்தில் கோடு 1,000 மில்லியிலிருந்து 500க்கு வந்தது. உருளையின் உயரம் சுமார் 35 செ.மீ. அப்படியானால் 17 செ.மீ. இறக்கம், மணிக்கு 2 மீட்டர் வேகம். அதற்குப்பின் கோடு தயங்கியது. 30 நிமிடம் முடிந்தபோது 300இல் நின்றது. மணிக்கு 2 மீட்டர், 30 நிமிடத்தில் 300 மில்லி என்ற எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கணக்கு இவற்றோடுதான் ஒப்பிடப்படும்.

கோடு ஏன் விழுகிறது? வைகுண்ட ஏகாதசியன்று ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசலுக்குப் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சாதாரண நாளில் பிரகாரத்தில் அவரவர் நடை அவரவருக்கு. ஏகாதசி விடியலில் தனி நடை கிடையாது. வேகமாக நடப்பவரும் முதியவரும் தோளோடு தோள் உரசி, ஒரே திரளாக ஒரே வேகத்தில் நகர்வார்கள். கூட்டம் இன்னும் இறுகினால் அந்த வேகமும் குறையும். நெருங்கிய திரள்களும் அப்படித்தான். கீழே இருந்து ஒதுங்கி மேலேறும் தண்ணீர் அவற்றைத் தடுக்க, எல்லாம் ஒரே போர்வையாக இறங்குகின்றன. அடியில் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தபின் தங்கள் எடையாலேயே மெல்ல நசுங்கி நீரைப் பிழிகின்றன. கோடு 300க்குப் பக்கத்தில் தயங்கியது அதனால்தான். அடர்த்தி கூடக் கூட வேகம் குறையும் என்ற இந்த ஒரு விதியைக்கொண்டு 1952இல் கின்ச் என்ற கணித அறிஞர் எழுதிய கோட்பாடே இன்றைய வடிவமைப்புக்கு அடித்தளம்.

பரப்பா, ஆழமா?

ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு பகுதிக்குத் தொட்டி கட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பது நம் நாட்டு வழக்கக் கணக்கு. ஆக நாளுக்கு 10,800 கன மீட்டர்.

தொட்டியை எவ்வளவு ஆழமாகத் தோண்டலாம் என்றே நம் மனம் முதலில் கேட்கும். 1904இல் ஆலன் ஹேசன் என்ற அமெரிக்கப் பொறியாளர் அந்தக் கேள்வியைத் திருத்தினார். ஆழத்தை இரட்டித்தால் தண்ணீர் தொட்டியில் தங்கும் நேரம் இரட்டிக்கும் என்பது உண்மை. துகள் இறங்கவேண்டிய தூரமும் இரட்டிக்குமே! லாபமும் நட்டமும் சரியாகிவிடும். மேலேறும் தண்ணீரின் வேகத்தைவிடத் துகள் வேகமாக இறங்கவேண்டும், அதுதான் நிபந்தனை. மேலேறும் வேகத்தைத் தீர்மானிப்பது தண்ணீரின் அளவும் தொட்டியின் பரப்பும். வாய் அகன்ற பாத்திரத்தில் பால் சீக்கிரம் ஆறுவதுபோல, அகன்ற தொட்டியில் நீர் சீக்கிரம் தெளியும்.

நம் நாட்டுப் பொறியியல் கையேடு இந்த வேகத்தைச் சராசரி நேரத்தில் நாளுக்கு 15 முதல் 35 மீட்டர் என்றும், உச்ச நேரத்தில் 40 முதல் 50 மீட்டர் என்றும் வகுத்திருக்கிறது. 20 என்று எடுத்தால் 10,800ஐ 20ஆல் வகுக்க 540 சதுர மீட்டர் வருகிறது. 18.5 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வட்டத் தொட்டிகள் போதும்.

காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை ஊரே குளிக்கிறது, துவைக்கிறது, சமைக்கிறது. இந்த அளவு ஊருக்கு அப்போது சராசரியைப்போல் 2.25 மடங்கு தண்ணீர் வரும் என்று கொள்வது வழக்கம். மேலேறும் வேகம் நாளுக்கு 45 மீட்டராகும், அதாவது மணிக்கு 1.9 மீட்டர். உருளையில் நாம் பார்த்த கோடு மணிக்கு 2 மீட்டர் இறங்கியது. இடைவெளி மிகச் சிறியது. ஒரு தொட்டியைப் பழுதுக்கு நிறுத்தினால் மற்றதில் வேகம் 90 மீட்டராகும், கசடு தண்ணீரோடு மேலேறி வெளியே போகும். மூன்றாவது தொட்டி ஒன்றை உபரியாகக் கட்டச் சொன்னால் அதை வீண்செலவு என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும்.

அப்படியானால் ஆழம் வேண்டாமா? ஹேசனின் தொட்டி தாளில் வரைந்த தொட்டி. நிஜத்தில் கசடு கலந்த நீர் தெளிந்த நீரைவிடக் கனமானது. நடுவில் நுழைந்ததும் அது அருவிபோல் அடிக்குப் பாய்ந்து, தரையோடு ஓடி, சுற்றுச்சுவரில் மோதி மேலே எழும். தெளிவு வழியவேண்டிய விளிம்பிலேயே கசடு எழுந்து நிற்கும். இதைத் தணிக்கத்தான் நுழைவாயைச் சுற்றி வேகம் குறைக்கும் உறை, விளிம்புக்குக் கீழே தடுப்புப் பலகை, 3.5 முதல் 4.5 மீட்டர் ஆழம் எல்லாம். தெளிய வைப்பது பரப்பு. கசடு தற்காலிகமாக ஏறினாலும் தாங்கிக்கொள்வது ஆழம்.

கீழே போகும் கணக்கு

இந்தத் தொட்டிக்கு இரண்டு வாசல். மேல்விளிம்பு வழியே தெளிவு போகிறது. அடிக்குழாய் வழியே கசடு மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்குப் போகிறது. மேல்வாசலைக் கவனிப்பவர்கள் பலர், கீழ்வாசலை மறந்துவிடுகிறார்கள்.

காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு 3 கிராம் கசடு இருக்கிறது என்போம். வரும் தண்ணீரில் பாதி அளவுக்குக் கசட்டைத் திருப்பி அனுப்புகிறோம். அப்படியென்றால் தொட்டிக்குள் ஒன்றரைப் பங்கு தண்ணீர் நுழைகிறது, அதில் உள்ள கசடு முழுவதும் அரைப் பங்குத் தண்ணீரில் அடங்கித் திரும்பவேண்டும். லிட்டருக்கு 9 கிராமாக அது இறுகியாகவேண்டும்.

இறுகுமா? உருளையில் 30 நிமிடத்தில் 3 கிராம் கசடு 300 மில்லி இடம் பிடித்தது. ஒரு கிராமுக்கு 100 மில்லி. இதைத்தான் நிலையங்களில் எஸ்.வி.ஐ. என்கிறார்கள். 1934இல் சிகாகோவின் மோல்மன் தந்த குறியீடு அது. கிராமுக்கு 100 மில்லி என்றால் ஒரு லிட்டரில் 10 கிராம் அடங்கும். நமக்கு 9 போதும். பிழைத்தோம்.

ஒரு வாரம் கழித்து அதே உருளையில் கோடு 600இல் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.வி.ஐ. 200. லிட்டருக்கு 5 கிராம்தான் அடங்கும். வரும் கசடு நாளுக்கு 48,600 கிலோ, கீழே போக முடிவது 27,000 கிலோ. மிச்சம் தொட்டியிலேயே தேங்கும். முதல் ஒரு மணி நேரத்திலேயே 900 கிலோ சேர்ந்து, கசட்டுப் படுக்கை 30 செ.மீ.க்குமேல் ஏறிவிடும். காற்றூட்டும் தொட்டியில் உயிர்கள் குறைந்துகொண்டே வரும், இங்கே பெருகிக்கொண்டே போகும்.

பம்பைக் கூடுதலாக ஓட்டினால் என்ன? ஒன்றரைப் பங்காகத் திருப்பினால் 5 கிராமுக்கு இறுகினாலே போதும், கணக்கு சமமாகும். ஆனால் அதே பம்பு தொட்டிக்குள் அனுப்பும் சுமையையும் கூட்டிவிடுகிறது. ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 90 கிலோவாக இருந்தது 150 ஆகும். கையேடு சராசரிக்குத் தரும் வரம்பு 70 முதல் 140. மூச்சுவிட நேரம் கிடைக்கும், நோய் தீராது. நோய் உயிர்களுக்குள் இருக்கிறது.

சிலந்தியின் நூல்

திருவானைக்காவலின் தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்தது. நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாமல் ஒரு சிலந்தி வலை பின்னியது. காவிரியிலிருந்து நீர் மொண்டு வந்து வழிபட்ட யானை அந்த வலையைக் கலைத்தது. இரண்டும் பக்தியில் குறைந்தவை அல்ல. நூலும் நீரும் ஒன்றுக்கொன்று இடம் விடாததால் வந்தது அந்தச் சண்டை.

கசட்டுத் திரளுக்குள்ளும் நூல் இருக்கிறது. ஸ்பேரோடைலஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் நீளமாக, இழையாக வளர்பவை. அளவாக இருந்தால் அவை திரளுக்கு எலும்புக்கூடு. மற்ற உயிர்கள் அந்த இழையைப் பற்றிக்கொண்டு உறுதியான திரளாகின்றன. இழையே இல்லாவிட்டால் திரள் பொடியாக உடைந்து, தண்ணீர் மங்கலாகவே வழியும். இழை மிதமிஞ்சிப் போனால் திரளிலிருந்து வெளியே நீண்டு, அடுத்த திரளின் இழையோடு பின்னி, வலையாக விரியும். விரிந்த வலை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், இறங்காது, இறுகாது. இதை 'பல்கிங்' என்கிறார்கள். 600இல் நின்ற கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இழைகள் ஏன் மிஞ்சுகின்றன? ஆக்சிஜன் குறைந்தால் இழைக்கு வசதி. உடம்பு முழுவதும் நீருக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால் கிடைக்கும் கொஞ்சத்தையும் அது பிடித்துக்கொள்ளும். திரளுக்குள் அடைந்திருக்கும் உயிர்கள் மூச்சுத்திணறும். உணவு மிகக் குறைவானாலும் இழையே வெல்லும். நீண்ட குழாயில் கிடந்து நாறி, சல்ஃபைடோடு வரும் கழிவுநீரும் சில இழைகளுக்கு உணவு. நம் வெப்பத்தில் கழிவுநீர் சீக்கிரம் நாறும் என்பதால் இது நமக்கு அன்றாடக் கவலை. காற்றூட்டும் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் ஆக்சிஜனாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வதும், கழிவுநீரும் திரும்பிய கசடும் முதலில் ஒரு சிறிய அறையில் கலந்து திரள்களுக்கு முதல் கவளம் கிடைக்கும்படி அமைப்பதும் நிலைத்த மருந்துகள். திரும்பும் கசட்டில் அளவாகக் குளோரின் விட்டு நீண்ட இழைகளை நறுக்குவது அவசர மருந்து.

தொட்டியைக் காக்கும் கண்கள்

நம் ஊர்ச் சூட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெப்பத்தில் நுண்ணுயிர்கள் அமோனியாவை எளிதில் நைட்ரேட்டாக மாற்றிவிடும். அந்த நைட்ரேட்டோடு கசடு அடியில் நெடுநேரம் கிடந்தால், ஆக்சிஜன் இல்லாத அந்தப் படுக்கையில் வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கும். குமிழிகள் கசட்டைக் கட்டி கட்டியாகத் தூக்கிக்கொண்டு மேலே வரும். நன்றாக இறங்கிய கசடுதான் இப்படி எழும். உருளையை அரை மணியோடு எடுத்துவிடாமல் இரண்டு மணி நேரம் விட்டுப் பார்த்தால், கசடு கிளம்புகிறதா என்று தெரியும். கிளம்பினால், அடியில் தேக்காமல் சீக்கிரம் திருப்பி அனுப்பவேண்டும், உபரிக் கசட்டை எடுக்கவேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் ஆள்நுழைவுக் குழி வழியாக மழைநீர் சாக்கடைக் குழாயில் இறங்கும். அப்போது கசட்டைக் கலைக்க, தலபுராணத்து யானை நீரோடு வந்துவிட்டது என்று பொருள். உள்ளே வரும் கழிவுநீரைக் காற்றூட்டும் தொட்டியின் கடைசிப் பகுதியில் விட்டால், கசட்டில் பெரும்பங்கு முன்பகுதியில் பத்திரமாகத் தங்கும். மழை ஓய்ந்ததும் பழைய வழிக்குத் திரும்பலாம். அந்த வாய்க்கால் அமைப்பை வரைபடத்திலேயே வைத்தால்தான் மழையில் அது கைகொடுக்கும்.

மற்றவை சிறு வேலைகள். தெளிவு வழியும் பல்வரிசைத் தகடு சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். சில மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தண்ணீர் முழுவதும் ஒரு பக்கமாக ஓடி, அங்கே கசட்டை இழுக்கும். தகட்டில் படரும் பாசியைத் தேய்த்து எடுக்கவேண்டும். அடியைச் சுரண்டும் கை நிற்காமல் சுற்றவேண்டும். கசட்டுப் படுக்கையின் உயரத்தைத் தினமும் ஒரு கண்ணாடிக்குழாய் இறக்கி அளந்து எழுதவேண்டும். வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து இவற்றைப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை. அவர்களுடைய உயிருக்கும் ஈடு இல்லை. அடைப்பு எடுக்க மனிதரைக் கசட்டுக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வெளியே நின்றே அடைப்பு எடுக்கும்படி குழாயையும் கிணற்றையும் அமைப்பது வடிவமைப்பாளரின் முதல் கடமை.

ஒளியின் தீர்ப்பு

தெளிந்துவிட்டதா என்று முடிவாகச் சொல்வது யார்? ஒளி. தண்ணீரில் ஒளிக்கற்றையைச் செலுத்தினால், மிதக்கும் துகள்கள் அதைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். எவ்வளவு சிதறுகிறதோ அவ்வளவு கலங்கல். கலங்கல்மானி வேலை செய்வது இப்படி. ஒளிச்சிதறலை உலகுக்குப் புதிதாகக் காட்டிய சி.வி. ராமன் 1888 நவம்பர் 7ஆம் தேதி பிறந்தது திருவானைக்காவலில். 1921இல் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் நிழல் மட்டுமல்ல, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் வருவது என்று காட்டினார். ராமன் விளைவு வேறு, கலங்கல்மானியின் விதி வேறு. ஆனாலும் நீரின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒளியைக் கேட்கலாம் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது.

அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் ஒரு நகரத்தின் தண்ணீர்க் கணக்கே அடங்கியிருக்கிறது. தொட்டிக்குள் நுழைவது லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் கசடு. வெளியே 30 மில்லிகிராமுக்குள் விடவேண்டும் என்று இலக்கு வைத்தால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் தடுத்து நிறுத்தியாகவேண்டும். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் சுத்திகரித்த கழிவுநீரை மேலும் வடிகட்டி, சவ்வூடு செலுத்தி, ஒவ்வொன்றிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் 2019இல் தொடங்கின. அந்த அளவுக்கு ஏரி நீரும் ஆற்று நீரும் மக்களுக்கு மிச்சமாகிறது. படிவுத் தொட்டி தவறினால் அந்தச் சவ்வுகள் அடைத்துக்கொள்ளும்.

பெரிய நிலையங்களை நீங்கள் பார்த்திராமல் இருக்கலாம். உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய நிலையம் இருக்கக்கூடும். கதவு பெரும்பாலும் சாத்தியே கிடக்கும். பொறுப்பாளரைக் கேட்டு ஒரு காலையில் உள்ளே போய்ப் பாருங்கள். காற்று குமிழியிடும் தொட்டியைத் தாண்டி, அதற்கடுத்த அமைதியான தொட்டியின் விளிம்பில் நில்லுங்கள். வழியும் நீர் தெளிவாக இருக்கிறதா, உருளைச் சோதனை தினமும் நடக்கிறதா, எண்களை எழுதிவைக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்பவர் ஒருவர் இருந்தால் அந்தத் தொட்டி பிழைக்கும்.

காவிரியின் கலங்கல் நீரைக் குடத்தில் எடுத்துத் தெளிய வைத்தவர்கள் நாம். குடிக்கும் நீரைத் தெளிய வைத்தால் போதுமாக இருந்த காலம் போய்விட்டது. ஆற்றுக்குத் திருப்பித் தரும் நீரையும் தெளிய வைத்தே தரவேண்டும்.